கபடிக்கு டிவி தேவைப்பட்டதா, டிவிக்கு கபடி தேவைப்பட்டதா?

சின்ன விளையாட்டு எதைப் பத்தி பேச்சு வந்தாலும் கடைசில ஒரே வரிக்கு தான் வந்து நிக்கும், "டிவில காட்டினா தான்ப்பா இதெல்லாம் வளரும்". கோகோ, கேரம், சிலம்பம், வாலிபால், எந்த சங்கத்து ஆளைக் கேட்டாலும் இதே தான், ஆதாரம் என்னன்னு கேட்டா எல்லாரும் கை காட்டுற இடமும் ஒண்ணு தான், 2014ல ஆரம்பிச்ச புரோ கபடி லீக். "பாரு, கபடி டிவில வந்துச்சு, வீரனுக்கு கோடி ரூபாய் கிடைச்சுது". சரி, அந்த ஒரு கேஸை மட்டும் எடுத்து பிரிச்சுப் பார்ப்போம், ஏன்னா எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வேற ஒண்ணு தான் தெரியுது.

கபடி எப்படி ஓரத்து விளையாட்டாகும்னு சண்டைக்கு வராதீங்க. ஆடுறவனை எண்ணினா அது ஓரத்து விளையாட்டே இல்ல, நம்ம ஊர்ல பொங்கலுக்கு மைதானத்துல கோடு போட்டா எழுபது டீம் வந்து நிக்கும். ஆனா ஆடுறவன் நிறைய இருக்கிறது வேற, அதைப் பார்க்க கம்பெனிக்காரன் காசு போடுறது வேற. 2014க்கு முன்னாடி இந்திய கபடி டீம் கேப்டன் யாருன்னு ரோட்ல போற பத்து பேர்கிட்ட கேட்டிருந்தா பத்து பேரும் முழிச்சிருப்பான். இத்தனைக்கும் அந்த டீம் ஏசியன் கேம்ஸ்ல தங்கத்தை விட்டதே கிடையாது. 1982 டெல்லி ஏசியன் கேம்ஸ்ல கபடி காட்சி விளையாட்டு, 1990 பெய்ஜிங்ல பதக்க விளையாட்டு ஆச்சு, அதுல இருந்து 2014 இஞ்சியோன் வரைக்கும் ஏழு ஏசியன் கேம்ஸ், ஆண்கள் ஏழு தங்கம். தூத்துக்குடி பக்கம் மணத்தி கிராமத்துல இருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமால தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்தார், 1995க்கான அர்ஜுனா விருது வாங்கினார். தென் மாவட்டத்துல கபடி ஆடுறவங்களுக்கு அவர் பேர் தெரியும், மத்தபடி தமிழ்நாட்டுலயே எத்தனை பேருக்கு தெரிஞ்சிருந்தது?

அப்போ அந்த வீரர்கள் எப்படி பொழச்சாங்க? வேலை. ரயில்வே, போலீஸ், பேங்க், மின்வாரியம், ராணுவம்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை, அது தான் கபடியோட மொத்த பொருளாதாரமும். நல்லா ஆடினா மாநில டீம், மாநில டீம்ல ஆடினா சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தா வேலை, வேலை கிடைச்சா டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடணும். கிராமத்துல அப்பா அம்மா பையனை கபடிக்கு விட்டதே இதுக்காகத்தான். இன்னொரு பக்கம் மின்னொளி கபடி போட்டி, நோட்டீஸ் அடிச்சு, ஊர் வரி போட்டு, வெளிநாட்டுல இருக்கிற அண்ணன் முதல் பரிசுக்கு ஸ்பான்சர் பண்ணி, விடிய விடிய நடக்கும். இதுக்கு எந்த சேனலும் தேவைப்படல. விளையாட்டு உயிரோட இருக்கணுமா, அதுக்கு டிவி தேவையில்லைங்கிறதுக்கு இதுவே போதும். ஆடுறவனுக்கு அதுல இருந்தே சோறு கிடைக்கணுமா, அங்க தான் டிவி உள்ள வருது.

2014 ஜூலை 26, மும்பைல முதல் மேட்ச், யு மும்பாவும் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸும். லீக்கை ஆரம்பிச்சது மஷால் ஸ்போர்ட்ஸ், பின்னாடி இருந்தது ஆனந்த் மஹிந்திராவும் சாரு சர்மாவும். சாரு சர்மா 2006 தோஹா ஏசியன் கேம்ஸ்ல கபடிக்கு கமென்ட்ரி பண்ணினவர், யோசனை அங்க தான் முளைச்சுதுன்னு சொல்வாங்க. இருக்கட்டும். ஆனா யோசனை இருக்கிற ஆளுங்க நம்ம நாட்டுல எப்பவும் இருந்திருக்காங்க, சேனல் ஏன் கதவைத் திறந்துச்சுங்கிறது தான் கேள்வி. அதுக்கு பதில் கபடில இல்ல, லீக்கைக் காட்டின ஸ்டார் டிவியோட நிலைமைல இருக்கு. 2012ல பிசிசிஐ மேட்ச் உரிமையை ஸ்டார் வாங்கியாச்சு, 2013 கடைசில எல்லா ஸ்போர்ட்ஸ் சேனலையும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ்னு ஒரே பேருக்கு மாத்தியாச்சு, இத்தனை சேனல்லயும் போட ஏதாவது வேணும், ஆனா நாட்டுலயே பெரிய சரக்கு ஐபிஎல் அப்போ சோனி கையில, 2017 வரைக்கும் அது அவங்களோடது. தினமும் சாயங்காலம் ஓடுற மாதிரி, குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, தனக்கே சொந்தமா ஒரு லீக் ஸ்டாருக்கு வேணும். கபடி அந்த ஓட்டைல சரியா பொருந்துச்சு.

பொருந்தினது தற்செயல் இல்ல. கபடியை கேமராவுக்காகவே யாரோ செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். 13க்கு 10 மீட்டர் கோர்ட், எல்லாரும் ஒரே பிரேமுக்குள்ள. ஒரு ரெய்டு 30 செகண்ட், அதுக்குள்ள ஏதாவது நடந்தே ஆகணும். மேட்ச் 20 நிமிஷமா ரெண்டு பாதி, இடைவேளை விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர ஸ்லாட்ல முடிஞ்சுரும், சீரியல் மாதிரி எட்டு மணிக்கு போட்டு ஒன்பதுக்கு எடுக்கலாம். மேல டூ ஆர் டை, சூப்பர் டேக்கிள்னு புது ரூல் எல்லாம் சேர்த்தாங்க. டூ ஆர் டைன்னா, ரெண்டு ரெய்டு சும்மா போயிட்டு வந்தா மூணாவது ரெய்டுல பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லன்னா ரைடர் அவுட். பழைய மண் கபடில கெட்டிக்கார ரைடர் லீடு கிடைச்சதும் கோட்டைத் தொட்டுட்டு பாடிட்டு வந்து நேரத்தை ஓட்டுவான், அதுவும் ஒரு கலை தான், ஆனா டிவில பார்க்கிறவன் அந்த நேரத்துல ரிமோட்டை எடுத்துருவான், அதனால அதுக்கு இடமில்லாம பண்ணிட்டாங்க. எனக்கு இதுல பெரிய வருத்தம் இல்ல, டூ ஆர் டை நிஜமாவே நல்ல ரூல்.

முதல் சீசன் ரீச் 43.5 கோடி பேர்னு கணக்கு வந்துச்சு, அந்த வருஷ ஐபிஎல்லுக்கு அடுத்த இடம். இந்த நம்பரை எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்வாங்க, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ரீச்ங்கிறது சேனல் மாத்தும்போது ஒரு நிமிஷம் நின்னு பார்த்தவனையும் சேர்த்த கணக்கு. அப்படியே தள்ளுபடி பண்ணினாலும் பெரிய நம்பர் தான், மறுக்கல. ஜெய்ப்பூர் பைனல்ல யு மும்பாவை 35-24னு அடிச்சுது, டீம் ஓனர் அபிஷேக் பச்சன் கோப்பையைத் தூக்கினார், மறுநாள் பேப்பர்ல கபடி வந்துச்சு.

இதோட நிறுத்தினா "டிவி வந்தா வளரும்" கட்சி ஜெயிச்சுரும். ஆனா டிவி வந்தும் வளராத கேஸ் எல்லாம் வரிசையா இருக்கே, அதை யாரும் எடுத்துப் பேசறதில்ல. ஹாக்கி இந்தியா லீக் 2013ல ஆரம்பிச்சுது, அதே ஸ்டார் தான் காட்டுச்சு, ஒலிம்பிக் விளையாட்டு, எட்டு ஒலிம்பிக் தங்கத்தோட கதை இருக்கு, உலகத்துல இருக்கிற பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் வந்தாங்க. 2017க்கு அப்புறம் காணோம். திரும்பி வந்தது 2024 டிசம்பர் கடைசில. புரோ வாலிபால் லீக் 2019ல சோனில வந்துச்சு, பைனல் சென்னைல, சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோழிக்கோட்டை ஜெயிச்சு கோப்பை வாங்குச்சு, ஒரே சீசன் தான், சம்மேளனத்துக்கும் நடத்தின கம்பெனிக்கும் முட்டிக்கிட்டு அதோட போச்சு, அப்புறம் 2022ல வேற பேர்ல தான் வந்துச்சு. இவ்ளோ ஏன், கபடிலயே இருக்கு. 2019ல போட்டி லீக் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இந்தோ இன்டர்நேஷனல் பிரீமியர் கபடி லீக், சென்னை சேலஞ்சர்ஸ்னு டீம் கூட இருந்துச்சு, டிஸ்போர்ட் சேனல்ல நேரடி ஒளிபரப்பு. யாருக்காவது ஞாபகம் இருக்கா? அதே விளையாட்டு, அதே முப்பது செகண்ட் ரெய்டு, டிவியும் இருந்துச்சு, ஒரு சீசனோட மூடினாங்க.

அப்போ புரோ கபடில வேற என்ன இருந்துச்சு? 2015ல மஷால் ஸ்போர்ட்ஸோட 74 சதவீத பங்கை ஸ்டார் வாங்கிடுச்சு. என்னைப் பொறுத்தவரை இந்த முழு கேஸோட திருப்பமும் இது தான், முதல் மேட்சோ 43.5 கோடியோ இல்ல. அதுவரைக்கும் ஸ்டார் கபடியை காட்டுற சேனல், அதுக்கப்புறம் ஸ்டார் தான் லீக்கோட முதலாளி. ஹாக்கி லீக் படுத்தா சேனலுக்கு ஒரு நிகழ்ச்சி போச்சு அவ்ளோ தான், கபடி லீக் படுத்தா தன்னோட சொத்து படுக்குது. அதனால தான் தள்ளித் தள்ளி ஓட்டினாங்க, 2016ல ஒரே வருஷத்துல ரெண்டு சீசன் நடத்திப் பார்த்தாங்க, 2017ல எட்டு டீமை பன்னெண்டு ஆக்கினாங்க, விவோவை அஞ்சு வருஷத்துக்கு 300 கோடிக்கு டைட்டில் ஸ்பான்சரா கொண்டு வந்தாங்க. தமிழ் தலைவாஸ் வந்ததும் அந்த 2017ல தான், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் சேனல் ஆரம்பிச்சதும் அதே வருஷம், அந்த சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. புது தமிழ் சேனலுக்கு ஒரு தமிழ் டீம் வேணும்ல. தமிழ்நாட்டு கபடி மேல திடீர்னு பாசம் பொங்கி டீம் கொடுத்தாங்கன்னு நினைச்சா அது நம்ம வெகுளித்தனம்.

காசு வந்துச்சா? வந்துச்சு, அதை குறைச்சுச் சொல்லக் கூடாது. 2014 ஏலத்துல அதிக விலை ராகேஷ் குமார், பாட்னா அவரை எடுத்தது 12.80 லட்சத்துக்கு. 2023ல தெலுங்கு டைட்டன்ஸ் பவன் ஷெராவத்தை எடுத்தது 2.605 கோடிக்கு. பத்து வருஷத்துக்குள்ள இருபது மடங்கு. ஈரான்ல இருந்து வந்த ஷாட்லூய் அதே ஏலத்துல 2.35 கோடி. நம்மாளுங்கள்ல தர்மராஜ் சேரலாதனைப் பாருங்க, தஞ்சாவூர் பக்கத்து ஆளு, லீக் ஆரம்பிக்கும்போதே வயசு நாப்பதை நெருங்கிடுச்சு, வாலிப வயசு முழுக்க கேமரா இல்லாத கோர்ட்லயே போச்சு, அப்புறமும் வந்து கார்னர் டிபெண்டரா நின்னு 2016ல பாட்னாவுக்கு கேப்டனா கோப்பை ஜெயிச்சார், நாப்பதைத் தாண்டியும் ஆடினார். அவர் இருபத்தஞ்சு வயசுல இருக்கும்போது இந்த லீக் வந்திருந்தா எவ்ளோ சம்பாதிச்சிருப்பார்னு யோசிக்காம இருக்க முடியல. இந்த ஒரு விஷயத்துக்காகவே டிவி வேணாம்னு சொல்ற ரொமான்டிக் ஆளுங்களோட எனக்கு ஒத்துப் போகாது, சோறு போடாத விளையாட்டை "தூய்மை"னு புகழுறது ஆடாதவனுக்கு ஈசி.

சரி, விலை என்ன? முதல் விலையைக் கொடுத்தது ஊர். தமிழ் தலைவாஸ் முதல் மூணு சீசன் அடி மட்டம், சென்னை ரசிகர்கள் அப்பவும் நேரு உள் விளையாட்டரங்கத்துக்கு போனாங்க, டீம்ல தமிழ்ப் பசங்க எங்கன்னு கத்திக்கிட்டே போனாங்க. 2022ல ஒரு வழியா டீம் செமி பைனல் வரைக்கும் போச்சு, இத்தனைக்கும் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் முதல் மேட்ச்லயே முட்டி அடிபட்டு வெளிய போயிட்டார், அதுக்கு மேலயும் போராடி வந்த சீசன். சென்னைல ஒரு மேட்ச் கூட இல்ல. பெங்களூர், புனே, ஹைதராபாத், கடைசி ஆட்டங்கள் மும்பை. 2024லயும் ஹைதராபாத், நொய்டா, புனே மூணு ஊர் தான். கொரோனாவுக்காக 2021-22 சீசனை பெங்களூர்ல ஒரே ஹால்ல கூட்டமே இல்லாம நடத்தினாங்க, அதுல ஒரு பாடம் கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன், டிவி லீக்குக்கு சொந்த ஊர் கட்டாயம் இல்ல, லைட்டும் மேட்டும் இருக்கிற ஒரு ஹால் போதும். டிக்கெட் காசு வருமானத்துல ஒரு ஓரம் தான், வீட்ல உட்கார்ந்து பார்க்கிறவன் தான் கஸ்டமர். கிரிக்கெட்ல சென்னை டீம் கொரோனா மாதிரி காரணம் எதுவும் இல்லாம ரெண்டு வருஷம் சேப்பாக்கத்துல ஆடலன்னா ஊரே ரெண்டாகியிருக்கும், தலைவாஸுக்கு யாரும் பெருசா அலட்டிக்கல, அதுலயே தெரியுது அந்த டீம் எங்க வேர் விட்டிருக்கு எங்க விடலன்னு.

ரெண்டாவது விலை ரூல்ஸ்ல. இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா உலகமே பார்க்க நடந்துச்சு. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் ஆண்கள் பைனல், இந்தியா ஈரான், 28-28, முடிய ஒண்ணு ஒண்ணரை நிமிஷம் தான் பாக்கி. பவன் ஷெராவத் டூ ஆர் டை ரெய்டு போறார், யாரையும் தொடாமலே லாபிக்குள்ள (கோர்ட்டோட ஓரத்துப் பட்டை) காலை வச்சுட்டார், அவரைப் பிடிக்கப் போன ஈரான் டிபெண்டர்களும் கூடவே லாபிக்குள்ள போயிட்டாங்க. யார் அவுட்? சர்வதேச சம்மேளனத்தோட ரூல்படி டச் இல்லாம லாபிக்குள்ள போன எல்லாரும் அவுட், ரைடரும் சரி டிபெண்டரும் சரி. புரோ கபடில மாத்தின ரூல்படி ரைடர் மட்டும் அவுட். ஒரு பக்கம் தங்கம் இந்தியாவுக்கு, இன்னொரு பக்கம் ஈரானுக்கு. நடுவர் ஒரு முடிவு சொல்றார், மாத்துறார், மறுபடி மாத்துறார், ரெண்டு டீமும் மேட்ல உட்கார்ந்துட்டாங்க, ஒரு மணி நேரம் கிட்ட ஆட்டம் நின்னுச்சு, கடைசில பழைய ரூல்படி பாயின்ட் கொடுத்து இந்தியா 33-29. நாம ஜெயிச்சோம், சந்தோஷம், ஆனா அந்த ரெண்டு டீம்லயும் இருந்த முக்கால்வாசிப் பேர் வருஷம் பூரா ஆடுறது டிவி லீக் ரூல்ல, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஆடுறது சம்மேளன ரூல்ல. உடம்புக்கு எது பழகியிருக்கும்? ஒரு விளையாட்டுக்கு ரெண்டு சட்டப் புத்தகம், அதுல எது நிஜம்னு பைனல்ல உட்கார்ந்து முடிவு பண்றாங்க. காசு இருக்கிற பக்கம் ரூலும் போயிடுச்சு, சம்மேளனம் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுது. நம்ம இந்திய சம்மேளனத்தைப் பத்தி பாவப்படவும் முடியல, ஒரே குடும்பத்து கையில பல வருஷம் இருந்ததை 2018ல டெல்லி ஹைகோர்ட் தலையிட்டு நிர்வாகி போட்டு தான் சரி பண்ணணும்ங்கிற நிலைமைல இருந்துச்சு. இப்படி ஒரு சம்மேளனம் இருந்தா சேனல் உள்ள புகுந்து வீட்டுக்காரன் ஆகாம என்ன பண்ணும்.

இதுல வேடிக்கை, 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல நாம முதல் தடவை தங்கத்தைக் கோட்டை விட்டதுக்கும் இந்த லீக்குக்கும் சம்பந்தம் உண்டு. செமி பைனல்ல ஈரான்கிட்ட 18-27. அந்த ஈரான் டீம்ல பசல் அட்ராசலி மாதிரி ஆளுங்க எங்க பாடம் படிச்சாங்க? நம்ம லீக்ல தான், நம்ம ரைடர்களை தினமும் பிடிச்சுப் பிடிச்சு. இதைக் குறையா சொல்லல, விளையாட்டு பெருசாகணும்னா இப்படித்தான் ஆகும்.

மூணாவது தான் என்னால ஜீரணிக்க முடியாதது, பெண்கள். 2016ல புரோ கபடியோட சேர்த்து பெண்கள் கபடி சேலஞ்ச்னு ஒண்ணு வச்சாங்க, மூணே டீம், பயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குயின்ஸ், ஆண்கள் சீசன் நடுவுல செருகி ஓட்டினாங்க, ஸ்டார்ம் குயின்ஸ் ஜெயிச்சுது. அதோட சரி. ஆண்கள் லீக் பன்னெண்டு சீசன் முடிஞ்சாச்சு, பெண்களுக்கு அது மாதிரி ஒண்ணு இன்னும் இல்ல. அவங்க ஆடாமலா இருந்தாங்க? ஹாங்சோல தைவான் டீமை 26-25னு ஒரே பாயின்ட்ல அடிச்சு தங்கம் வாங்கினாங்க, அந்த ஏசியன் கேம்ஸ்ல இந்தியாவோட நூறாவது பதக்கம் அது தான். உலகக் கோப்பை 2012ல பாட்னால ஜெயிச்சாங்க, அடுத்தது 2025ல டாக்கால தான் நடந்துச்சு, பதிமூணு வருஷம் கழிச்சு, அதையும் ஜெயிச்சாங்க. 2018ல ஈரான் பெண்கள் நம்மளை பைனல்ல தோக்கடிச்சப்போ அவங்க கோச் நாசிக்ல இருந்து போன ஷைலஜா ஜெயின், நம்ம ஊர் அறிவு இங்க வேலை இல்லாம அங்க போய் தங்கம் வாங்கிக் கொடுத்துச்சு. "மார்க்கெட் இல்ல"னு சொல்வாங்க. 2014க்கு முன்னாடி ஆண்கள் கபடிக்கு மட்டும் மார்க்கெட் இருந்துச்சா என்ன? இல்லாததை காசு போட்டு உண்டாக்கினது தானே அது.

2025 அக்டோபர்ல பஹ்ரைன் ஏசியன் யூத் கேம்ஸ்ல பொண்ணுங்க டீம் தங்கம் ஜெயிச்சுது, கண்ணகி நகர் கார்த்திகா அதுல ஒருத்தர், பசங்க டீம்ல வடுவூர் அபினேஷ் இருந்தார், அவங்களும் தங்கம். கார்த்திகா ரெய்டு போற கிளிப் எனக்கு வந்தது வாட்ஸப்ல, டிவில இல்ல, என்னைச் சுத்தி இருக்கிறவங்களுக்கும் அப்படித்தான். முதல்வர் ரெண்டு பேருக்கும் 25 லட்சம் கொடுத்தார். கபடியே ஆடத் தெரியாதவங்க வாயிலயும் கண்ணகி நகர் பேர் வந்துச்சு. பெயர் பரவுறதுக்கு இப்போ சேனல் வேண்டியதில்ல. செஸ் இன்னும் தெளிவான சாட்சி, 2013ல சென்னைல ஆனந்த் கார்ல்சன் ஆட்டத்தை தூர்தர்ஷன் நேரடியா காட்டுச்சு, நல்ல விஷயம் தான், ஆனா 2024 டிசம்பர்ல குகேஷ் சிங்கப்பூர்ல டிங் லிரனை ஜெயிச்சதை என் வயசு ஆளுங்க பாதிப் பேர் யூடியூப்ல தான் பார்த்தோம், பத்து வருஷத்துல அந்த விளையாட்டு டிவியைக் கேட்காமலே தனக்கு ஒரு பாதை போட்டுக்கிச்சு. மின்னொளி கபடியும் அதே ரூட்ல தான் இருக்கு, ராமநாதபுரம் பக்கமோ கடலூர் பக்கமோ எந்த ஊர்ப் போட்டினாலும் ட்ரைபாட்ல ஒரு கேமரா, யூடியூப்ல லைவ், வளைகுடால ஷிப்ட் முடிச்ச பசங்க படுத்துக்கிட்டே தன் ஊர் டீமைப் பார்க்கிறாங்க, கீழ கமென்ட்ல சண்டை. ஆனா இதையும் பெருசாக்க வேணாம், அந்த லைவ்ல இருந்து வீரனுக்கு சம்பளம் வராது, கேமரா வச்சவனுக்கு ஏதோ கொஞ்சம் வரும்.

அதனால எந்த சங்கத்துக்காரராவது "எங்களை டிவில காட்டுங்க"னு கேட்டா நான் அவரை திருப்பிக் கேட்பேன், காட்டணுமா, இல்ல வாங்கணுமா? வெறும் ஒளிபரப்பு கிடைச்சா வாலிபால் மாதிரி ஒரு சீசன் வெளிச்சம். சேனலே முதலாளி ஆனா கபடி மாதிரி காசு, கூடவே காலண்டர், ரூல், ஊர், யார் ஆடணும் யார் ஆடக் கூடாதுங்கிறது எல்லாம் அவங்க கைக்கு. காசு வேணும்னா ரெண்டாவது வழில தான் போயாகணும், நான் தடுக்கல. ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்துல எழுதி வாங்கணும், ஆண்களுக்கு இத்தனை மேட்ச்னா பெண்களுக்கு இத்தனை, அந்தந்த டீமோட ஊர்ல வருஷத்துக்கு குறைஞ்சது இத்தனை ஆட்டம், ரூல் மாத்தினா சம்மேளனமும் சேர்ந்து மாத்தணும். 2014ல இதைக் கேட்டிருந்தா ஸ்டார் ஒத்துக்கிட்டிருக்கும்னு நான் நம்புறேன், அன்னிக்கு அவங்களுக்குத் தான் கபடி அவசரமா தேவைப்பட்டுச்சு, 2017 செப்டம்பர்ல 16,347 கோடி கொடுத்து ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை வாங்கினதுக்கு அப்புறம் கேட்டா கதை வேற.